சம்மர் புரோகிராமிலிருந்து பாதியில் வீட்டுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களை விடுதியில் தங்கவைத்து வகுப்புகள் நடத்துகின்றன. இங்கே நம்மவர்கள் ‘சம்மர் புரோகிராம்’ என்று சொல்வது இதைத்தான். ஆய்வு மாணவனாக இருந்தபோது அப்படியொன்றில் சில கோடைகள் ஆர்.ஏ.வாக இருந்தேன், பிறகு ஆர்.ஏ.க்களை மேய்க்கும் வேலையும் பார்த்தேன். ஆர்.ஏ. என்றால் ஒரு மாடியில் தங்கியிருக்கும் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு அண்ணன், வார்டன், காவல்காரர் எல்லாம் ஒரே ஆள். தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கொஞ்சம் சம்பளம். கோடையில் உதவித்தொகை நின்றுவிடும் துறையில் இருந்த எனக்கு அது பெரிய விஷயம்.

குடித்து மாட்டிக்கொண்டு யாரும் பாதியில் வீட்டுக்குப் போகாத கோடை என்று ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. போனவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. வருடா வருடம் மார்ச், ஏப்ரல் வந்தால் தெரிந்தவர்கள் கூப்பிட்டு, எந்த புரோகிராம் நல்லது, எதில் சேர்த்தால் காலேஜ் அப்ளிகேஷனுக்கு வெயிட் என்று கேட்கிறார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் நடத்தை விதிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

முதலில் அந்த ‘வெயிட்’ கதையை முடித்துவிடுவோம். இலவசமாக நடக்கும், மிகக் கடினமாகத் தேர்வு செய்யும் புரோகிராம்கள் கொஞ்சம் இருக்கின்றன. மீதியெல்லாம் பணம் கட்டிச் சேர்வது. இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர், ஆறேழு வாரம் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். பணம் கட்டினால் கிடைக்கிற இடம் இது என்று அட்மிஷன் ஆபீஸில் இருப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும். பிள்ளை ஆசைப்பட்டுப் படிக்கிறது, வீட்டை விட்டு இருந்து பழகட்டும் என்று அனுப்பினால் சரி. ஹார்வர்டுக்குப் படிக்கட்டு என்று நினைத்து அனுப்பினால், அந்த நினைப்பே பின்னால் பிரச்சினை வரும்போது எல்லாரையும் பதற வைக்கிறது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் குடிப்பதற்கான வயது 21. இது நேரடியாக மத்திய அரசு போட்ட தடை இல்லை. 1984இல் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மது வாங்குவதையும் பொது இடத்தில் கையில் வைத்திருப்பதையும் அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும் என்றது. தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. மாநிலத்துக்கு மாநிலம் சில்லறை விதிவிலக்குகள் உண்டு. விஸ்கான்சினில் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பாரிலேயே குடிக்கலாம். ஆனால் பல்கலைக்கழக விடுதியில் அந்த விதிவிலக்கு எதுவும் செல்லாது.

தமிழ்நாட்டிலும் காகிதத்தில் 21தான், புதுச்சேரியில் 18. நம் அப்பாக்களில் பலருக்கு அந்த எண் மனதில் பதியாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியில் செய்தியைச் சொன்னதும், “காலேஜ் ஹாஸ்டல்ல நாங்க பண்ணாததா” என்று சிரித்த அப்பா ஒருவர் இருந்தார். ஸ்பீக்கரில் புரோகிராம் இயக்குநரும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

இதில் பெற்றோருக்குப் புரியாத ஒரு முரண் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில், அதே கட்டடத்தில், செப்டம்பரில் வந்து தங்கும் பதினெட்டு வயது மாணவன் பீரோடு மாட்டினால் முதல் முறை பெரும்பாலும் எச்சரிக்கை, ஓர் ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் அபராதம். ஜூலையில் அதே அறையில் பதினேழு வயதுப் பையன் மாட்டினால் 24 மணி நேரத்தில் வெளியே. அநியாயம் மாதிரித் தெரியும். ஆனால் சம்மரில் வருகிறவர்கள் மைனர்கள். பெற்றோரிடமிருந்து பொறுப்பை எழுதி வாங்கிக்கொண்டுதான் பல்கலைக்கழகம் அவர்களை வைத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு எங்கே வரும் என்று அவர்களுடைய வக்கீல்களுக்குத் தெரியும். மன்னித்து ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்கு இரண்டு மூன்று வாரத்தில் நேரமும் இல்லை.

இனி, உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சரக்கு வருகிற வழிகள் பெரிய மர்மம் இல்லை. யாரோ ஒருவருக்கு அண்ணன் இருப்பான், யாரோ ஒருவரிடம் போலி ஐடி இருக்கும். 2020இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் 20,000க்குச் சற்றுக் குறைவான போலி ஓட்டுநர் உரிமங்களைப் பிடித்தார்கள். பெரும்பாலானவை கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு வந்தவை. அப்புறம், எலுமிச்சை சோடா மாதிரியே இருக்கும் ஹார்டு செல்ட்ஸர் டின்கள். பெரிய ஆள்களுக்கே சோடாவா சாராயமா என்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

“எல்லாரும்தான் குடிக்கிறாங்க” என்று பிள்ளைகள் சொல்வது உண்மை இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாகப் பள்ளி மாணவர்களிடம் எடுத்துவரும் கணக்கெடுப்பில், கடந்த ஓராண்டில் குடித்ததாகச் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 1997இல் 75 சதவீதம். 2024இல் சுமார் 42. பாதிக்கும் மேல் குடிக்காத பிள்ளைகள். நான் பார்த்தவரை ஆபத்து வந்ததும் பழகியவர்களுக்கு அல்ல, அன்றுதான் முதல்முறை வாயில் வைத்தவர்களுக்கு. அளவு தெரியாது. இங்கே ‘ஒரு டிரிங்க்’ என்று கணக்குப் போடுவது 40 சதவீத வோட்காவில் 44 மில்லி. பார்ட்டிகளில் வைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் கப் கிட்டத்தட்ட அரை லிட்டர் பிடிக்கும். அதில் பாதிக்கு வோட்கா, மீதிக்கு லெமனேடு ஊற்றி ஒரு பெண் பத்து நிமிடத்தில் குடித்து முடிக்கிறாள் என்றால் ஐந்து டிரிங்க் உள்ளே போயாயிற்று. அவளைக் கேட்டால் “ஒரே ஒரு கப்தான்” என்பாள். பொய் சொல்லவில்லை, அவள் எண்ணியது கப்பை.

ஒரு சனிக்கிழமை இரவு அப்படித்தான் ஆனது. ஒரு மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாடியில் கடைசி அறைப் பெண். காலில் செருப்புகூட இல்லை, சாக்ஸோடு நிற்கிறாள். யாரையும் மாட்டிவிட வரவில்லை என்றுதான் ஆரம்பித்தாள். தோழி வாந்தி எடுத்துவிட்டுப் படுத்தாள், இப்போது கூப்பிட்டால் எழவில்லை என்றாள். நான் போனபோது அறையில் விளக்கை அணைத்து, போர்வையால் மூடி, தூங்கினால் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கப் காபி வேறு. தோளைப் பிடித்து உலுக்கினேன், முனகல்கூட இல்லை. கை ஜில்லென்று இருந்தது. பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிட்டு அவசர உதவி எண் 911ஐ அழைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பிள்ளைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலிருந்து ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் முன்பு பேசிக்கொண்டிருந்தவர் இப்போது எழாமல் போவது அதனால்தான். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், நடக்கவைப்பது எதுவும் அதைக் குறைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, தோல் வெளுப்பு அல்லது நீலம், உடம்பு குளிர்ச்சி. இதில் எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஒன்று இருந்தாலே ஆம்புலன்ஸ். மல்லாக்கப் படுத்தவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதனால்தான் பக்கவாட்டில் திருப்புவது. தனியாக விட்டுவிட்டு வரவும் கூடாது.

ஆம்புலன்ஸோடு கேம்பஸ் போலீஸும் வந்தார்கள். வழக்கமாக வருவார்கள். அதைப் பார்த்ததும்தான் அறையில் இருந்த மற்றவர்களுக்கு உயிரே போனது. அந்தப் பெண் காலையில் தெளிந்துவிட்டாள், மதியத்துக்குள் மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து வாக்குமூலம் எழுதி வாங்கினோம். மாலைக்குள் முடிவு வந்தது: அந்த அறையில் இருந்த எல்லாரும் வீட்டுக்கு. என் கதவைத் தட்டிய பெண்ணும் அதில் ஒருத்தி. அவளும் அரை கப் குடித்திருந்தாள், அதை மறைக்காமல் எழுதியும் கொடுத்திருந்தாள்.

நான் இயக்குநரிடம் போய் வாதாடினேன். அவள் வராமல் இருந்தால் நாம் இன்று எந்த அறிக்கை எழுதிக்கொண்டிருப்போம் என்று கேட்டேன். அவருக்கும் அது புரிந்தது. “விதியில் இடமில்லை” என்றார். உண்மைதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான மாணவர்களுக்கு, உதவிக்கு அழைத்தவர் மேலும் பாதிக்கப்பட்டவர் மேலும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்ற விதி இருந்தது. இங்கே அதை மெடிக்கல் ஆம்னெஸ்டி என்பார்கள். சம்மர் மாணவர்களுக்கான கையேட்டை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தி அதில் இல்லை. அடுத்த வருடம் சேர்த்தார்கள். அவளுக்கு அதனால் என்ன பயன்?

இதை நான் இன்றும் பெரிய தவறாகவே நினைக்கிறேன். ஓர் அறையில் நடந்தது அடுத்த நாள் காலை உணவுக்குள் எல்லா மாடிக்கும் தெரிந்துவிடும். ‘தட்டினவளையும் அனுப்பிட்டாங்க’ என்பதுதான் பிள்ளைகள் அன்று கற்றுக்கொண்ட பாடம். மாட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் தாமதிப்பதுதான் உயிரை எடுக்கிறது. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண் மாணவர் சங்க வீடொன்றில், குடிக்கவைக்கப்பட்டு விழுந்து அடிபட்ட இரண்டாம் ஆண்டு மாணவர் இறந்துபோனார். அவர் விழுந்ததற்கும் யாரோ ஒருவர் 911ஐ அழைத்ததற்கும் இடையில் கிட்டத்தட்ட 12 மணி நேரம். வீடு நிறைய ஆள்கள் இருந்தார்கள். மறுபக்கம், கார்னெல் பல்கலைக்கழகம் 2002லேயே ஆம்னெஸ்டி விதியைக் கொண்டுவந்தது. அதன்பின் உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடியதை அவர்களே ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பல மாநிலங்களில் போலீஸ் நடவடிக்கையிலிருந்தும் இப்படிப் பாதுகாப்புத் தரும் சட்டம் இருக்கிறது. ஆனால் போலீஸ் விடுவது வேறு, புரோகிராம் விடுவது வேறு.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: உடம்பு சரியில்லாத நண்பருக்காக என் பிள்ளை உதவி கேட்டு வந்தால், அவனும் குடித்திருந்தால், என்ன செய்வீர்கள்? நேரான பதில் வந்தால் அந்த நிர்வாகத்தை நம்பலாம். ‘எங்கள் கையேட்டைப் பார்க்கவும்’ என்று சுற்றி வளைத்தால் அதுவும் ஒரு பதில்தான். என்ன பதில் வந்தாலும் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், பணம் போனால் போகட்டும், நீ கதவைத் தட்டு. இதை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. ஹார்வர்டுக்குப் படிக்கட்டு என்று அனுப்பப்பட்ட பிள்ளை தயங்கும். நான் முன்பு சொன்ன பதற்றம் இதுதான்.

அதே ஞாயிறு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு தமிழ்ப் பையனும் இருந்தான். அவன் குடிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்கள், எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் விதி, குடிப்பது மட்டுமல்ல, மது இருக்கும் அறையில் தெரிந்தே இருப்பதும் மீறல் என்றது. பெரும்பாலான புரோகிராம்களில் இந்த வரி இருக்கிறது. அவன் அப்பா நியூ ஜெர்சியிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“தம்பி, அவன் குடிக்கலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு அனுப்புறீங்க?”

“சார், அந்த ரூம்ல இருந்ததையே தப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. மே மாசம் நீங்களும் அவனும் கையெழுத்துப் போட்டு அனுப்பின பேப்பர்லயே இருக்கு.”

“அதை எவன் படிச்சான்?”

நியாயமான கேள்வி. அம்மா அதுவரை பேசாமல் நின்றிருந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “இங்க வேற தமிழ் ஃபேமிலி யாராவது இருக்காங்களா தம்பி?” என்று கேட்டார். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்ற கவலை. பையன் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடையாள அட்டையையும் கழுத்துப் பட்டையையும் ஏற்கெனவே வாங்கியிருந்தோம். கதவு திறக்கும் கார்டை நிறுத்தியாகிவிட்டது. கழிவறைக்குப் போவதென்றாலும் ஒரு ஆர்.ஏ. கூடப் போக வேண்டும். பதினாறு வயதுக்கு அதற்கு மேல் தண்டனை தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பா அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பேசினார். நான் பார்த்தவரை இந்த வாதத்தில் ஜெயித்தவர் யாரும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றினால் பணம் திரும்பாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. என்ன விதியை மீறியதாகப் பதிவாகிறது என்று எழுத்தில் ஒரு கடிதம். குடித்தான் என்றா, அறையில் இருந்தான் என்றா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். மேல்முறையீடு உண்டா, எத்தனை மணி நேரத்துக்குள்? பல இடங்களில் ஒரே நாள்தான். மதிப்பெண்ணோடு நடக்கும் வகுப்பு என்றால் டிரான்ஸ்கிரிப்டில் என்ன வரும்? பள்ளிக்குத் தகவல் போகுமா? பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஆபீஸுக்கு இந்தப் பதிவு தெரியுமா? இதையெல்லாம் சத்தம் போடாமல் கேட்டால் எதிரே இருப்பவரும் உட்கார்ந்து பதில் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: போலீஸ் ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா? புரோகிராம் வெளியேற்றுவது நிர்வாக நடவடிக்கை, அதோடு முடிந்தது. போலீஸ் சைட்டேஷன், அதாவது அபராதச் சீட்டு கொடுத்திருந்தால் கதை வேறு. ஹெச்-4இல், அதாவது ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருந்துகொண்டு கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு இது முக்கியம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்திலும், பிறகு குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், கைது மட்டுமல்ல, சைட்டேஷன் வாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். ஒரு பீருக்காக யாரும் கிரீன் கார்டை மறுக்கப் போவதில்லை. ஆனால் இருந்ததை இல்லை என்று எழுதினால் அது தனிப் பிரச்சினை. சீட்டு வந்தால், ஐம்பது நூறு டாலர்தானே என்று ஆன்லைனில் உடனே கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். உள்ளூர் வக்கீல் ஒருவரையும் உங்கள் குடிவரவு வக்கீலையும் கேட்ட பிறகு செய்யுங்கள். முதல் முறை மாட்டும் மைனர்களுக்கு, வகுப்புக்குப் போனால் வழக்கைக் கைவிடும் வழி பல ஊர்களில் இருக்கிறது. போலி ஐடி கையில் இருந்து மாட்டினால் மட்டும் விஷயம் கனம். அது குடித்ததைவிடப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும்.

வாக்குமூலத்தில் பொய் சொன்ன பிள்ளைகள் நிலைமையை மோசமாக்கிக்கொண்டார்கள். வாந்தி எடுத்த பையன் ஒருவன் அது இஞ்சி சோடா என்று கடைசிவரை சாதித்தான். பாட்டில் அவன் கட்டிலுக்கடியில் இருந்தது. தான் செய்ததை உள்ளபடி எழுதினால் போதும், அடுத்தவர் கதையை யூகித்து எழுத வேண்டாம் என்பதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. போலீஸ் கேட்கும்போது மட்டும், பெற்றோரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். அதில் தப்பில்லை.

காலேஜ் அப்ளிகேஷன் பற்றிய பயம் ஓரளவு பழையது. பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவமாக விண்ணப்பிக்கும் காமன் ஆப் படிவத்தில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஏதாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்ற கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. 2021-22 சேர்க்கையிலிருந்து அதைப் பொதுப் பகுதியில் இருந்து எடுத்துவிட்டார்கள். தனித்தனிக் கல்லூரிகள் தங்கள் பகுதியில் இன்னும் கேட்கலாம், சில கேட்கின்றன. கேட்கும் வார்த்தைகளை நிதானமாகப் படியுங்கள்; உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை மட்டும் கேட்கிறார்களா, எந்தக் கல்வி நிறுவனத்திலும் என்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் மறைக்க வேண்டாம்: என்ன நடந்தது, என்ன செய்தேன், அதன்பின் என்ன என்று ஐந்தாறு வரி. அம்மா அப்பா எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கட்டுரை இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

இந்தியாவிலிருந்தோ துபாய், சிங்கப்பூரிலிருந்தோ அனுப்புபவர்களுக்கு வேறொரு சிக்கல். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாமா பெயரை எழுதிவிடுவார்கள். பிள்ளை பாஸ்டனில், மாமா கலிஃபோர்னியாவில். நடுவே ஆறு மணி நேர விமானப் பயணம். 24 மணி நேரத்துக்குள் கூட்டிப்போக வேண்டும் என்று இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் அவர் என்ன செய்வார்? காரில் வந்து சேரக்கூடிய ஒருவரைப் பிடித்து, அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் பெயரை எழுதுங்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் பெரும்பாலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகப் பறக்க விடும் என்றாலும், விமான நிலையம் வரை கூட்டிப்போகும் ஆளின் செலவு, கடைசி நேர டிக்கெட் எல்லாம் பெற்றோர் கணக்கில்தான். ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று) வாங்கி எஃப்-1 மாணவர் விசாவில் வந்த பிள்ளை என்றால், வெளியேற்றியதோடு இங்கே தங்கும் தகுதியும் போய்விடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் உடனே பேசி, எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன் பிள்ளையிடம் என்ன பேசுவது? குடிக்காதே என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, பாட்டிலைப் பார்த்ததும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது. அந்த நியூ ஜெர்சிப் பையனுக்கு அதை யாரும் சொல்லவில்லை; குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நம்பியிருந்தான். ஆனால் அந்த வயதில் நண்பர்கள் முன்னால் எழுந்து போவது லேசான காரியம் இல்லை. சில வீடுகளில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள்: பிள்ளை வாட்ஸப்பில் ஒரு குறியை அனுப்பினால், அம்மா உடனே கூப்பிட்டு ஏதோ கோபமாகப் பேச வேண்டும், பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, “எங்க அம்மா தொல்லை” என்று வெளியே வந்துவிடலாம். பழி அம்மா மேல். வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் நான் அறிவுரை சொல்ல ஆளில்லை. ஒன்று மட்டும்: போனைப் பிடுங்குவதென்றால், அதில் இருக்கும் அன்றைய இரவின் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். மேல்முறையீட்டில் என் பையன் குடிக்கவில்லை என்று காட்ட அதுதான் உதவும். கோபத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு.

கடைசியாக, பணம் பற்றி. ஆம்புலன்ஸில் போன பெண்ணின் வீட்டுக்குச் செப்டம்பரில் தனித்தனியாக பில்கள் வந்தன: மருத்துவமனை, எமர்ஜென்சி டாக்டர், பரிசோதனைக் கூடம், ஆம்புலன்ஸ். 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் மத்தியச் சட்டப்படி, எமர்ஜென்சி சிகிச்சைக்கு உங்கள் காப்பீட்டின் வலைப்பின்னலில் இல்லாத, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் உள்ளே இருப்பதுபோலத்தான் உங்கள் பங்கு கணக்கிடப்பட வேண்டும். தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் வராது. சில மாநிலங்கள் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. அதனால் ஆம்புலன்ஸ் பில் வந்தால் உடனே கட்டாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதா என்று பாருங்கள், வரிவாரியாகக் கணக்குக் கேளுங்கள், குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்; பல நேரம் குறைக்கிறார்கள். பில் பிள்ளையின் பெயரில் வரும், பிள்ளை வயதில் யார் இதற்கெல்லாம் தபால் அனுப்பப்போகிறார்கள் என்று அதை விளம்பரக் காகிதங்களோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். சில மாதம் கழித்து, பாக்கியை வசூலிக்கும் கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து போன் வரும்.